பத்து வயதுத் தமிழ்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் அரசாங்க வேலையில் இருக்கிறார், எழுதினால் கூச்சப்படுவார். எழுதினாலும் கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரையுள்ள செம்பனைத் தோட்டங்களில் அந்தப் பெயரில் அவரை யாருக்கும் தெரியாது. ‘காக்கா’ என்றால் தெரியும். வயதில் மூத்த மலாய்ப் பெண்களை அக்கா என்ற பொருளில் ‘காக்’ என்று அழைப்பது மலேசியாவில் எங்கள் வழக்கம். தோட்டத்துப் பெண்கள் அதை இழுத்துக் ‘காக்கா’ ஆக்கிவிட்டார்கள். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். “காக்கா வந்திருக்கு, சோறு வைங்கடி” என்று சொல்லிக்கொண்டுதான் வேனை விட்டு இறங்குவார்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. தோட்டத்தில் ஒருவர் கை கால் முடியாமல் விழுந்துவிட்டால் நலத்துறைக்கு ஓர் ஊர், தொழிலாளர் காப்புறுதிக்கு ஓர் ஊர், பிறப்புப் பத்திரத்துக்கு இன்னோர் ஊர் என்று அலைய வேண்டியிருந்த காலம் அது. அந்த அலைச்சலைக் குறைக்க ஒரே மண்டபத்தில் ஐந்து மேசைகளைப் போட்டு, ஐந்து இலாகாக்காரர்களையும் உட்கார வைத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் அதே ஐந்து மேசையும் வேனில் ஏறித் தோட்டங்களுக்குப் போகும். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்கவும் விண்ணப்பப் பாரம் நிரப்பவும் ஒப்பந்த அடிப்படையில் என்னை எடுத்தார்கள். காக் நலத்துறை மேசையின் அதிகாரி.

முதல் நாள் நான் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் போய் நின்று, பாடம் பண்ணி வைத்திருந்த மலாய் வணக்கத்தைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“வாடி. உக்காரு. சாப்ட்டியா?”

என் அப்பா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் நாளிதழ் போட வரும் பையனைக்கூட ‘வாங்க தம்பி’ என்றுதான் கூப்பிடுவோம். அப்பா என்னை ‘வாம்மா’ என்பார். ‘வாடி’ என்று என்னை அதுவரை யாருமே கூப்பிட்டதில்லை.

அன்று காலை முதலாவதாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு முன்னாள் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். காகித உறையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஒரு காலத்தில் நூறு பேரை வேலை வாங்கிய நடை. காக் அவரைப் பார்த்துச் சிரித்து, எதிர் நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

“வாடா. என்னா நடந்துச்சு உனக்கு?”

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாக உட்கார்ந்து, “நீ எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டார். காக் தோட்டத்தின் பெயரையும், எத்தனையாவது லயத்து வரிசையில் வீடு என்பதையும் சொன்னார். மண்டோரின் முகம் மாறியது. அங்கே காவல் வேலை பார்த்த மலாய்க்காரரின் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவருக்குக் கழுத்துப் பொத்தான் இறுக்கியிருக்க வேண்டும், கழற்றிவிட்டுக்கொண்டார். வந்தது ஒரு கையெழுத்துக்காக. மகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து தான் மூன்று மாதமாகக் கோவில் மண்டபத்தில் தூங்குவது வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

காக்கின் தமிழ் வந்த வழி இதுதான். அந்தத் தோட்டத்தில் அவர்கள் ஒரே மலாய்க் குடும்பம். பத்து வயது வரை லயத்துப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்தார். அதன் பிறகு அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பம் போய்விட்டது. பெரியவர்களோடு மலாயில் பேசுவார், பிள்ளைகளோடு மட்டும் தமிழ். பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்று சொல்லிக்கொள்வதில்லையே. அதனால் அந்தச் சொல் அவர் தமிழில் வந்து சேரவே இல்லை. விளையாட, சண்டை போட, சாப்பிடக் கூப்பிட, அடிபட்டால் அழ, இவற்றுக்கு வேண்டிய தமிழ் முழுவதும் அவரிடம் இருந்தது. ‘விண்ணப்பம்’ கிடையாது. ‘தகுதி’ கிடையாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வந்தவர் சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வேற?” என்பார். அதற்குப் பதில் வந்ததும் மறுபடி “வேற?” எதிரே இருப்பவர் “அவ்ளோதான் காக்கா” என்று சொல்லிச் சிரிக்கும்வரை விடமாட்டார்.

சுங்கை பஞ்சாங் பக்கமிருந்து ஒரு பெண் பள்ளி உதவிப் பாரத்துக்கு முத்திரை வாங்க வந்தாள். முத்திரை குத்தி ஆயிற்று. “வேற?” ஒன்றுமில்லை என்றாள். “வேற?” சின்னவனுக்கு இன்னும் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை என்றாள். “வேற?” வீட்டுக்காரர் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏன்? லோரியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு விலகிவிட்டது. எங்கே விழுந்தார்? வேலையில். காப்புறுதிக்கு எழுதினீர்களா என்று நான் இடையில் புகுந்தேன். குத்தகைக்காரர் அதெல்லாம் உங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். காக் எழுந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் காப்புறுதிக்கான மூன்றாவது மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த இளைஞரிடம் மலாயில், நீ இவளை என் மேசைக்குத் திருப்பி அனுப்பினால் நான் உன் மேசையிலேயே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்றார். ஐந்து மேசையும் ஒரே மண்டபத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனி வீடு மாதிரிதான் இருந்தது. கணினிகள் ஒன்றோடொன்று பேசாது. காக்தான் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து நடந்து அவற்றைச் சேர்த்துவைத்தார். அந்தப் பெண்ணின் புருஷனுக்கு நான்கு மாதத்தில் காப்புறுதி வந்தது.

இதையெல்லாம் நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ‘வாடா’தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மண்டோர் கதையை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே அந்த மண்டோரின் வயதைக் கேட்டார். சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் பெரிய அதிகாரி காக்கையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு புகார்க் கடிதம் வந்திருந்தது. அரசு அதிகாரி ஒருவர் தமிழ்ப் பெரியவர்களை அவமரியாதையாக ஒருமையில் விளிக்கிறார், ஒரு சமூகத்தின் முதியோரை இவ்வாறு நடத்துவது முறையல்ல என்று மலாயில் அழகாக எழுதப்பட்டிருந்தது. கீழே பெயர் இல்லை. ஆனால் அந்த மலாயையும், பத்திக்குப் பத்தி விட்டிருந்த ஓரத்தையும் பார்த்ததும் அது யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காக்குக்கு முதலில் புரியவில்லை. பெரிய அதிகாரி விளக்கச் சொன்னார். நான் மலாயில் விளக்கினேன். ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் தமிழில் இரண்டு இருக்கின்றன, பெரியவர்களை இரண்டாவதால் அழைக்க வேண்டும், ‘டா’ சேர்ப்பது நண்பர்களிடமும் சிறுவர்களிடமும்தான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நின்றுவிட்டார்.

“இவ்ளோ வருசமா எல்லாரையும் அப்படியாடி கூப்ட்டேன்? பாட்டி, தாத்தா எல்லாரையும்?”

நான் தலையாட்டினேன்.

“நீ வந்து ஒரு வருசம் ஆச்சு. ஏன்டி சொல்லல?”

எனக்குக் கற்றுக்கொடு என்றார். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொடுத்தேன். ஒரு பள்ளி நோட்டில் மலாய் எழுத்தில் எழுதிக்கொண்டார். வாருங்கள், உட்காருங்கள், உங்களுக்கு என்ன உதவி வேண்டும், வேறு ஏதேனும் இருக்கிறதா. ஐம்பது வயதுக்காரர், சோற்றை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். நன்றாகவே கற்றுக்கொண்டார்.

அதன் பிறகு வேனிலிருந்து இறங்கும்போது அவர் சத்தம் போடுவதில்லை. “வணக்கம். உட்காருங்கள்” என்பார். எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். “வேறு ஏதேனும் இருக்கிறதா?” என்றால், “ஒன்னும் இல்லீங்க” என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. பெரிய அதிகாரி பாராட்டினார்.

அந்த நாட்களில் வந்தவர்தான் மாரிமுத்து. செம்பனைக் குலை வெட்டியவர், சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். ஊனமுற்றோர் அட்டைக்கு வந்தார். காக் இலக்கணப் பிழையில்லாமல் விசாரித்தார். மாரிமுத்து இலக்கணப் பிழையில்லாமல் ஒன்றுமில்லை என்றார். அட்டைக்கு எழுதிக்கொண்டு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அதே தோட்டத்துக்குப் போனபோது அவருடைய மனைவி மட்டும் வந்திருந்தாள். கிளினிக்குக்குப் போக வண்டி இல்லாமல் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது இடது காலையும் எடுத்துவிட்டார்கள். நோயாளிகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக எங்களிடமே வண்டி இருந்தது. ஒரு கையெழுத்துப் போதும்.

“ஏன்மா அவரு அன்னிக்குச் சொல்லல?” என்று நான் கேட்டேன்.

“ஆபீசர் மாதிரி கேட்டாங்க. ஆபீசர்கிட்ட வண்டி இல்லன்னு எப்படிலா சொல்றது? அதான் சொல்லலன்னாரு.”

திரும்பும் வழியில் வயல்காட்டுச் சாலையில் ஒரு சூராவ், சிறிய தொழுகைக்கூடம், அதன் ஓரமாக வேன் நின்றது. ஓட்டுநரும் மற்றவர்களும் தொழப் போனார்கள். காக் தொழுதுவிட்டு முதலில் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“காக், அந்தப் புகார் எங்கப்பா எழுதினது. நான்தான் உங்களப் பத்தி வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்.”

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதச் சொல்லிச் சிரிச்ச?”

“அந்த மண்டோர் வந்தது. நீங்க பேசினது மாதிரியே பேசிக் காட்டினேன்.”

அவர் கன்னம் ஈரமாக இருந்தது. கண் கலங்கியதா, முகம் கழுவிய ஈரமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வேற?”

இன்னும் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்தாய் என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “எனக்கு ஒரு தம்பி இருக்கான்” என்பது.

எழிலன். அப்போது அவனுக்கு இருபது வயது. பிறப்பிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. சொந்தமாகச் சாப்பிடுவான், குளிப்பான், சின்னச் சின்ன வார்த்தைகள் பேசுவான். பள்ளிக்கு அனுப்பிப் பார்த்து, பிள்ளைகள் கேலி செய்ததும் அப்பா நிறுத்திவிட்டார். யாராவது வீட்டுக்கு வந்தால் அவனைப் பின்னறையில் உட்கார வைத்துவிடுவோம். ஊனமுற்றோர் அட்டை எடுக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, என் பிள்ளை நெற்றியில் சீட்டு ஒட்ட வேண்டாம் என்றார் அப்பா. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பாரத்தை என் கையால் நிரப்பியிருக்கிறேன். தம்பி ஒருவன் இருப்பதையே அலுவலகத்தில் சொன்னதில்லை.

“என் மேசையிலேயே உக்காந்துகிட்டு...” என்று தொடங்கிய காக் நிறுத்திக்கொண்டார். “சனிக்கெளம வர்றேன். ஒங்கப்பாகிட்ட சொல்லு.”

சனிக்கிழமை அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழிலன் பின்னறையில். காக் உள்ளே வந்ததும் கையைக் கூப்பி, நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். “வணக்கம் ஐயா. நான் உங்கள் மகளோடு வேலை செய்கிறேன். உங்கள் மகனைப் பார்க்க வந்திருக்கிறேன்.” வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் உச்சரிப்பைத் திருத்திய அப்பா அன்று எதையும் திருத்தவில்லை. என் மகனுக்கு ஒரு குறையும் இல்லை, ஓய்வூதியம் வருகிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை என்றார். காக் தலையாட்டினார். அம்மா தேநீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் நல்ல தமிழில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்தது. காக் பார்த்துவிட்டார். நோட்டு மடியிலிருந்து நழுவி விழுந்தது.

“டேய், யாருடா அது? வாடா இங்க.”

அப்பா நிமிர்ந்தார். எழிலன் வந்தான். சுவரை ஒட்டி ஒட்டி வந்து அவர் முன்னால் நின்றான்.

“பேரு என்னா?”

“எழில்.”

“சாப்ட்டியா எளில்?”

“மீன்.”

அவ்வளவுதான் பேசுவான். அதற்குமேல் அவனிடமிருந்து எதுவும் வராது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் அவன் அங்கேயே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, “நீ?” என்றான்.

“நானு இன்னும் சாப்புடலடா. எனக்கு மீன் குடுக்க மாட்டியா?”

அவன் சமையலறைக்குள் போனான். அம்மா பின்னாலேயே எழுந்தாள், அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். உள்ளே சட்டி மூடி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டில் பொரித்த மீன் துண்டு ஒன்றை, இரண்டு கையாலும் பிடித்தபடி கொண்டுவந்து நீட்டினான். காக் தரையில் இறங்கி உட்கார்ந்து முள் எடுத்துச் சாப்பிட்டார். அவனும் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் இதுவரைக்கும் யாரையும் எதுவும் கேட்டதில்ல” என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கடிதத்த எழுதினது நான்தாம்மா” என்றார்.

“தெரியும் சார்” என்றார் காக். “நல்ல மலாய். எங்க பெரிய ஆபீசர்கூட சொன்னாரு, இப்பல்லாம் இப்படி மலாய் எழுத ஆளே இல்லலான்னு.”

அப்பாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்தமுறை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்த தமிழும் லயத்துத் தமிழும் கலந்து ஒரு கேள்வி கேட்டார்.

“சார், நீங்க செத்துட்டா இவன் என்னா பண்ணுவான்?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இருபது வருசமா அத ஒன்னத்தான் நெனைச்சிகிட்டிருக்கேன்” என்றார்.

பதிவு செய்தால் மாத உதவித்தொகை உண்டு. பகலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கைவேலை சொல்லித்தரும் நிலையத்துக்கு வேனே வந்து ஏற்றிக்கொண்டு போகும். எல்லாவற்றையும்விட, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறகு அப்பாவின் ஓய்வூதியம் எழிலனுக்குத் தொடர வழியிருந்தது. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவன் பெயர் ஏட்டில் ஏறியிருந்தால் வேலை சுலபம். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை.

வேலை உடனே நடந்துவிடவில்லை. எழிலன் பிறந்தபோது அவன் பெயரிலுள்ள ‘ழ’ சரியாக வர வேண்டும் என்று அப்பா பதிவாளரோடு வாதாடி, ரோமன் எழுத்தில் இரண்டெழுத்துப் போட்டு எழுதவைத்திருந்தார். அடையாள அட்டை எடுத்தபோது அங்கிருந்தவர் வெறும் ‘ல’ போட்டுவிட்டார். ஓய்வூதியக் கணினிக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். டாக்டர் சான்றிதழ் ஒரு பெயருக்கு வந்தது, அட்டை இன்னொரு பெயருக்கு. காக் கோப்பை இடுக்கிக்கொண்டு பதிவு இலாகாவின் முதல் மேசைக்கும் ஓய்வூதியத்துக்கான நான்காவது மேசைக்கும் நடையாய் நடந்தார். “ஒங்கப்பாவோட இந்த எளுத்தால என் காலே தேயுதுடி” என்பார். அவர் வாயில் அந்த எழுத்து கடைசிவரை வரவில்லை, ‘எளில்’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பெயரும் ஒரே மகன்தான் என்று அப்பா சத்தியக் கடிதம் எழுதிக் கொடுக்க, ஏழாவது மாதம் எல்லாம் ஒரே பெயரில் ஒன்று சேர்ந்தது.

அந்த ஏழு மாதமும் அப்பா எங்கள் மண்டபத்துக்கு வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். எழிலனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து காக்கின் மேசையைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் வீட்டிலிருந்து ஓர் அட்டைப் பலகை எழுதிக் கொண்டுவந்து அவர் மேசையில் நிறுத்தினார். கரும்பலகையில் எழுதுகிற அவருடைய குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: ‘இங்கு அமர்ந்திருக்கும் அதிகாரி பத்து வயதுவரை தோட்டத்தில் தமிழ் கற்றவர். அவர் வா என்றால் வாருங்கள் என்று கொள்க.’ படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தார்கள். காக் நோட்டை இழுப்பறையில் போட்டுவிட்டு, பழையபடி நாற்காலியைத் தட்டிக் கூப்பிட ஆரம்பித்தார். அடுத்த முறை போனபோது மாரிமுத்துவின் வீட்டுக்கே நடந்து போனார். வாசலில் நின்று, “நான்தாண்டா ஒளுங்கா கேக்கல, மன்னிச்சுக்கோ” என்றார். இரண்டு கால் இல்லாத அந்த மனிதர், “விடு காக்கா” என்றார். மறு வாரத்திலிருந்து அவருக்கு வண்டி வந்தது.

அடுத்த வருடமே காக்கைக் கிழக்குக் கரையிலுள்ள திரெங்கானுவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தமிழ் பேச ஆளில்லை. வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்து, நாக்கு துருப்பிடிக்காமல் இருக்க என்று சொல்லிக் கால் மணி நேரம் திட்டுவார். பிறகு எழிலனிடம் கொடுக்கச் சொல்லி, என்ன சாப்பிட்டான் என்று விசாரிப்பார்.

அப்பா போன மாசியில் இறந்தார். காலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உறவினர்கள் வந்து நிறைந்ததும் யாரோ சொன்னார்கள், பையன் பயந்துவிடுவான் என்று. எழிலனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். எல்லாம் முடிந்த பிறகு அழைத்துவந்தோம். மறுபடியும் அவனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டோம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவன் வந்ததும் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தான். அப்பா எங்கே என்றான். ஊருக்குப் போயிருக்கிறார் என்றார் மாமா. சாமியிடம் போயிருக்கிறார் என்றாள் சித்தி. அவன் வாசல் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிட மட்டும் உள்ளே வந்தான். அடுத்த நாளும் நின்றான், அதற்கடுத்த நாளும் நின்றான். நிலையத்து வேன் வந்தபோது ஏற மறுத்துவிட்டான். அப்பா வந்துவிடுவார் என்று நினைத்திருப்பான் போலும்.

நான்காம் நாள் காக் வந்தார். ஒன்பது மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார். வாசலில் என்னைத் தனியாக இழுத்து, சாவு வீட்டில் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாதுடி. சின்னப் புள்ளைல யாரும் இதுக்குச் சொல்லிக் குடுக்கல.”

ஒன்றும் சொல்ல வேண்டாம், கையைப் பிடித்தால் போதும் என்றேன். உள்ளே போய் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே வந்து எழிலன் பக்கத்தில் நின்றார். அவனைப் போலவே கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவன் அவரைப் பார்த்தான்.

“அப்பா?” என்றான்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமா ஏதோ சொல்ல எழுந்தார்.

“செத்துட்டாருடா” என்றார் காக். “இனிமே வரமாட்டாரு.”

சித்தி பதறிப்போய்த் தலையில் கை வைத்தாள். எழிலன் காக்கின் முகத்தையே பார்த்தான். அவர் பார்வையை எடுக்கவில்லை. அவனுடைய கை மெதுவாகக் கம்பியை விட்டது. பிறகு அவன் அழுதான். என் தம்பி அப்படி அழுது நான் கேட்டதே இல்லை, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. காக் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார்.

மறுநாள் காலையில் நிலையத்து வேன் வந்தது. எழிலன் தானே போய் ஏறி உட்கார்ந்தான்.